பழைய பெட்டி, புது வட்டு

1950களில் இதே ரொறன்ரோவில் தட்டச்சு இயந்திர வியாபாரத்தோடு வளர்ந்த நிறுவனந்தான் கொமடோர். அதன் தாபகர்களில் ஒருவரான ஜாக் ட்ரமியல், ஔஷ்விற்ஸ் முகாமில் இருந்து உயிர்தப்பிய போலந்து யூதர். எங்களைப்போல ஊர் இழந்து வந்த ஒருவர் வீட்டுக்கு வீடு கணனியைக் கொண்டுபோய்ச் சேர்த்த கதை எங்கட ஆக்களில் கனபேருக்குத் தெரியாது.

கொமடோர் 1994இல் முறிந்துபோனது. ஆனால் 1979இல் இங்கே தொடங்கிய ரொறன்ரோ பெற் பாவனையாளர் குழு நிறுவனத்தையும் தாண்டி நிலைத்தது. 1983இல் ஆரம்பித்து இடையில் நின்றுபோன 'வேர்ல்ட் ஒஃப் கொமடோர்' கண்காட்சியை 2004இல் திரும்பத் தொடக்கியதும் அவர்கள்தான்.

இப்படியான ஆட்கள் பழைய 1541 நெகிழ்வட்டுப் பெட்டியை எறிவதில்லை. ஒரு வட்டில் 170 கிலோபைட் கொள்கிற பெட்டி அது. உள்ளே ஒரு ராஸ்பெரி பை பலகையை வைத்து, எஸ்.டி. அட்டை ஒன்றைச் செருகி, பை1541 என்ற மென்பொருளை ஓடவிடுகிறார்கள். உள்ளே ஆள் மாறியது பழைய கணனிக்குத் தெரியாது.

மக்கின்ரொஷ் பாவித்தவர்களுக்கு 'ஸ்கசி' வன்தட்டுப் பெட்டி ஞாபகம் இருக்கும். ஸ்கசி 1986இல் பொதுத் தரமானது. அப்பிள் அதே வருடம் விற்ற பெட்டியில் 20 மெகாபைட் வட்டு இருந்தது. இணைப்பு பொதுவானது என்பதால், வட்டு செத்தாலும் பெட்டி பிழைத்துக்கொண்டது. 2021இல் வந்த புளூஸ்கசி என்ற சின்னப் பலகையை அதற்குள் வைத்தால் எஸ்.டி. அட்டையே வன்தட்டாகிவிடும். 32 கிகாபைட் அட்டை ஒன்று அந்தப் பழைய வட்டுகள் 1,600க்குச் சமன்.

இதெல்லாம் வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு, எங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். எங்களுக்குத்தான் இதில் கனக்க இருக்கிறது. தொண்ணூறுகளில் இந்த நகரத்தில் எத்தனை தமிழ்ப் பத்திரிகைகள், மலர்கள், கோயில் மடல்கள், மரண அறிவித்தல்கள்! நான் அறிந்த ஒரு சிறுபத்திரிகையின் பக்கங்கள் முழுக்க இப்படியான ஒரு பெட்டிக்குள்தான் இருந்தன. பத்திரிகை நின்றது, பெட்டி ஒரு பேஸ்மென்ருக்குப் போனது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் கடதாசியில் உள்ளதைக் காப்பாற்றிவருகிறது. கடதாசியும் மிஞ்சாத இதழ்களுக்கு அந்த வட்டு ஒன்றுதான் சாட்சி.

ஆகவே பெட்டியைப் புதுப்பிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, சமையலறையில் நிற்கிறவன் சொல்வது இதுதான்: சட்டியைக் கழுவ முதல் கறியை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கோ. பழைய வட்டை முதலில் வாசியுங்கோ. குவாண்டம் நிறுவனத்தின் அந்தக்கால வட்டுகள் சிலவற்றில் உள்ளிருக்கும் ரப்பர் பிசினாகி ஊசியைப் பிடித்துவைத்திருக்கும். அதற்காகக் குலுக்கித் தட்டிப் பார்க்கவேண்டாம், கைதேர்ந்தவர்களிடம் கொடுங்கோ. வட்டு சுழன்றால் பாதி வெற்றி. புளூஸ்கசியின் இரண்டாம் பதிப்பு முழு வட்டையும் ஒரே கோப்பாக எஸ்.டி. அட்டையில் எழுதித்தரும். அதே அட்டையைப் பெட்டிக்குள் வைத்தால் பழைய மக் ஒன்றும் நடவாததுபோல எழும்பும்.

எழுத்துருவையும் மறக்கவேண்டாம். யுனிகோட்டுக்கு முந்திய பாமினி போன்றவற்றில் தட்டிய தமிழ், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். வட்டில் உள்ள எழுத்துருக் கோப்பையும் சேர்த்தே எடுக்கவேண்டும்.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள் என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் கதைக்கிறோம். கதைக்கத்தான் வேண்டும். ஆனால் இங்கே ஒருவரும் நெருப்பு வைக்கவில்லை. வீடு மாறும்போது நாங்களாகவேதான் குப்பை வண்டிக்குக் கொடுக்கிறோம். உங்கள் பேஸ்மென்ரில் சாம்பல் நிறப் பெட்டி ஏதும் கிடந்தால், எறிய முதல் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருக்கால் பாருங்கோ.