உடைந்த பொம்மையை மரத்தடியில் வைக்கும் முன்



நவராத்திரி முடிந்த மறுவாரம் பல ஊர்களில் பார்க்கக்கூடிய காட்சி இது. அரச மரத்தடியிலோ வேப்ப மரத்தடியிலோ நாலைந்து பொம்மைகள் வந்து உட்கார்ந்திருக்கும். கை போன கிருஷ்ணர், மூக்கு உடைந்த செட்டியார், கழுத்தில் விரிசல் விட்ட சரஸ்வதி. உடைந்ததைக் கொலுவில் வைக்கக் கூடாது என்பார்கள். குப்பையில் போட மனம் வராது. அதனால் மரத்தடி. ஒரு மழையில் கரைந்துவிடும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அப்படிக் கொண்டுபோய் வைக்கும் முன் அந்தப் பொம்மை எதனால் செய்தது, எந்தக் காலத்தது என்று ஒரு நிமிடம் பாருங்கள். மண் பொம்மைகள் அச்சில் எடுப்பவை. செய்தவர் குடும்பம் தொழிலை விட்டுவிட்டால் அச்சும் போய்விடும். பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த முகம் கிடைக்காது. கோவிலில்கூடப் பழுதைச் சரிசெய்துதான் குடமுழுக்கு நடத்துகிறோம். நம் பழனி மலைக்கோவிலில் 2023 ஜனவரி 27இல் நடந்ததும் திருப்பணி முடிந்த பிறகுதான். பழுது பார்த்த பொம்மையைப் படியில் வைப்பதில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பொம்மை நமக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்களில் பெண்கள் ஆற்று மணலில் பாவை செய்து விளையாடுகிறார்கள். கீழடி அகழாய்வில் சுடுமண் மனித உருவங்களும் விலங்கு உருவங்களும் கிடைத்துள்ளன. நம் பக்கத்துக் கிராமங்களில் ஐயனாருக்கு மண் குதிரை செய்து கொடுக்கும் வேளார் குடும்பங்களை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தக் குதிரையை யாரும் பழுது பார்ப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் நின்று, உதிர்ந்து, மண்ணோடு மண்ணாகும். அடுத்த புரவி எடுப்புக்குப் புதுக் குதிரை வரும். அது படைத்துவிட்டு வரும் பொருள். கொலு பொம்மை அப்படியல்ல, அம்மா மகளுக்குக் கொடுத்து, மகள் தன் மருமகளுக்குக் கொடுப்பது. ஐயனார் குதிரைக்கு உள்ள வழக்கத்தைக் கொலு பொம்மைக்கும் பொருத்திவிட்டோம் என்றே நினைக்கிறேன்.

தசரா விழா விஜயநகர மன்னர்கள் காலத்தில் பெரிதாக நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மைசூர் தசராவைத் தொடங்கினார். அங்கே வீடுகளில் வைப்பதை ‘பொம்பெ ஹப்ப’ என்கிறார்கள், பொம்மைத் திருவிழா என்று பொருள். ஜப்பானிலும் மார்ச் 3ஆம் தேதி சிவப்புத் துணி விரித்த படிகளில் பொம்மை அடுக்குகிறார்கள். மேல் படியில் அரசனும் அரசியும், நம் மரப்பாச்சி ஜோடியைப் போலவே.

இனி உங்கள் பெட்டியில் உள்ளதைப் பார்ப்போம். முதலில் பொம்மையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வர்ணம் படாத இடம் அங்கேதான் இருக்கும்.

உள்ளே செங்கல் நிறம் தெரிந்தால் அது சுட்ட மண். மதுரை திருப்பரங்குன்றத்தை ஒட்டிய விளாச்சேரியும், கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டியும் இதற்குப் பேர்போன ஊர்கள். அடியில் ஒரு ஓட்டை இருக்கும், சூளையில் வைக்கும்போது உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறுவதற்காக. அதைக் குறை என்று நினைத்து அடைக்காதீர்கள். சுட்ட மண் பசையை உறிஞ்சிவிடும், ஒட்டியது நிற்கவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். உடைந்த இரு முகங்களையும் உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்து, வெள்ளைப் பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு பூச்சு கொடுத்துக் காயவிடுங்கள். அதன் பிறகு கெட்டிப் பசை தடவிச் சேருங்கள். ஒட்டிய பொம்மையைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஒரு பேசினில் மணலோ அரிசியோ நிரப்பி, ஒட்டிய துண்டு தன் எடையிலேயே அழுந்தி நிற்கும்படி பொம்மையைச் சாய்த்துப் புதைத்து ஒரு நாள் விட்டுவிட்டால் போதும். எம்-சீல் போட்டால் பிடிப்பு பலமாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மண்ணைவிடப் பலமான ஒட்டு நமக்கு வேண்டாம். மறுபடி விழுந்தால் ஒட்டு அப்படியே நிற்கும், பக்கத்து மண் உடையும். வெள்ளைப் பசையை வெந்நீர் ஒற்றி இளக்கி மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

சில்லு போன இடத்தை நிரப்பக் காகிதக் கூழும் சுண்ணக்கட்டித் தூளும் பசையும் பிசைந்தால் போதும். ஆந்திராவின் கொண்டப்பள்ளிக் கலைஞர்கள் மரத்தூளோடு புளியங்கொட்டைப் பசையைச் சேர்த்துப் பிசைந்துதான் பொம்மையின் அங்கங்களை ஒட்டுகிறார்கள். அந்தப் பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். காய்ந்ததும் உப்புத்தாள் போடுவது நிரப்பிய இடத்தில் மட்டும், பழைய வர்ணத்தில் அல்ல.

தூக்கினால் காற்றாக இருந்தால் அது காகிதக் கூழ் பொம்மை. இதற்கு எதிரி ஈரமும் ராமபாணப் பூச்சியும். மெல்லிய காகிதப் பட்டைகளைப் பசையில் நனைத்து உட்பக்கமாக ஒட்டினால் விரிசல் நிற்கும். எங்கள் காலத்தில் வங்கி லெட்ஜர்களை பைண்டிங் செய்தவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி நெருங்காது. ஆனால் அது விஷம், பேரன் பேத்தி உள்ள வீட்டில் வேண்டாம். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைகளிலும் காகிதக் கூழில் செய்தவை நிறைய உண்டு. 2008-09இல் புவிசார் குறியீடு பெற்றவை அவை. நடன மாது பொம்மையில் பாவாடை, உடல், தலை எல்லாம் தனித்தனியாகத் தொங்குபவை. ஆடுகிறதே என்று ஒட்டிவிடாதீர்கள், ஆடுவதுதான் அதன் வேலை.

கனமாக, உள்ளே வெண்மையாக இருந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பாரிஸ் நகரின் மோன்மார்த்ர் குன்றில் வெட்டியெடுத்த ஜிப்சத்தால் வந்த பெயர். கைகளுக்குள் இரும்புக் கம்பி இருக்கும். அது துருப்பிடித்துப் பருத்துத்தான் மணிக்கட்டில் விரிசல் விடுகிறது. துருவைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய விளிம்பை நன்றாக ஈரப்படுத்திய பிறகே புதுக் கலவையை வையுங்கள். இல்லாவிட்டால் காய்ந்த பழைய பிளாஸ்டர் புதியதன் தண்ணீரைக் குடித்துவிடும், பிடிப்பு வராது.

மரப்பாச்சியைச் செம்மரத்தில் செய்வது வழக்கமாக இருந்தது. சேஷாசலம், நல்லமலைக் காடுகளில் வளரும் இந்த மரத்தின் உலக வணிகம் 1995 முதல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பாட்டியின் மரப்பாச்சிக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பர்மா, மலேயா போய் வந்தவர்கள் கொண்டுவந்த, மெல்லிய ஓடு போன்ற பளபளப்பான குழந்தை பொம்மை இருந்தால், உள்ளங்கையால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்ட். கற்பூரம் சேர்த்தே செய்த பொருள், சட்டென்று தீப்பற்றும். கொலுவில் குத்துவிளக்குப் பக்கம் வைக்கவே கூடாது.

கடைசியாக வர்ணம். நல்ல பொம்மைகள் அதிகம் பாழாவது இங்கேதான். கடையில் எனாமல் டப்பா வாங்கி முழுப் பொம்மைக்கும் அடித்துவிடுகிறோம். பளபளவென்று இருக்கும், ஆனால் முகம் போய்விடும். பொம்மைக்காரர் கண் எழுதுவதைக் கடைசி வேலையாக வைத்திருப்பார், வீட்டிலேயே கை தேர்ந்தவர்தான் அதை எழுதுவார். அந்தக் கோட்டை நாம் திரும்பப் போட முடியாது. முப்பது வருடம் பேரேடு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: தப்பான தொகையை நாங்கள் சுரண்டி அழிக்க மாட்டோம். ஒற்றைக் கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடுவோம். கீழே இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். பொம்மைக்கும் இதே விதிதான். உதிர்ந்த இடத்தில் மட்டும், தண்ணீரில் கரையும் வர்ணத்தை, பக்கத்து நிறத்தைவிட ஒரு பங்கு மங்கலாகத் தொட்டு வையுங்கள். கண்ணைத் தொடாதீர்கள்.

பழைய மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய வர்ணத்தைத் தேய்த்துத் தூள் பறக்கவிட வேண்டாம். மண் பொம்மையைக் குழாயடியில் கழுவவும் வேண்டாம், பூச்சு அப்படியே வழிந்துவிடும்.

போர்த்துகலின் லிஸ்பன் நகரில் 1830 முதல் ஒரு பொம்மை மருத்துவமனை நடக்கிறது. நம் ஊரில் அப்படி ஒன்று இல்லை. நம் சாப்பாட்டு மேசையில்தான் ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு பேசின் அரிசி, இரண்டு பிரஷ், ஒரு டப்பா பசை போதும்.

பெட்டியில் திரும்ப வைக்கும்போது செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மை ஒட்டும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துச் சுற்றுங்கள். அந்துருண்டையைத் தனித் துணியில் முடிந்து மூலையில் போடுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள்: யார் வாங்கியது, எந்த ஊரில், எந்த வருடம், எந்தக் கை ஒட்டியது.