கொச்சித் துறைமுகமும் கிழக்கு மலைகளும்

ஃபோர்ட் கொச்சிக்கு வரும் பயணியின் ஒரு நாள் ஏறத்தாழ முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. வாஸ்கோ ட காமா புதைக்கப்பட்ட புனித பிரான்சிஸ் தேவாலயம், டச்சுக் கல்லறைத் தோட்டம், மட்டாஞ்சேரி அரண்மனை, 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடம், மாலையில் சீன வலைகள். மறுநாள் காலை மூணாறுக்குக் கார் புறப்படும். சுற்றுலா நிறுவனங்கள் இரண்டு ஊர்களையும் ஒரே கட்டணத்தில் விற்கின்றன. ஆயினும் கொச்சிக்கு ‘வரலாறு’ என்றும் மூணாறுக்கு ‘இயற்கை’ என்றும் பெயரிடுகின்றன. இந்தப் பாகுபாட்டுக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

கொச்சி துறைமுகமானதே மலைநீரால்தான் என்பது நெடுங்கால மரபு. இன்றைய இடுக்கி மாவட்டத்தின் ஊடாக இறங்கிவரும் பெரியாறு 1341இல் பெருவெள்ளம் கண்டு முசிறித் துறையின் வாயை மணலால் தூர்த்தது என்றும், தெற்கே கொச்சியில் புதிய முகத்துவாரம் திறந்தது என்றும் சொல்வர். ஒரே வெள்ளத்தில் அவ்வளவும் நிகழ்ந்ததா என்பது விவாதத்துக்குரியது. ஆற்றின் போக்கே துறைகளின் தலைவிதியை எழுதியது என்பதில் ஐயமில்லை.

1500இல் கப்ராலும், அவரைத் தொடர்ந்து 1503இல் கோட்டை கட்டியவர்களும் தேடி வந்தது மிளகை. அது கடற்கரையில் விளையவில்லை. போர்த்துகீசியர் கடலில் ‘கர்த்தாஸ்’ என்னும் அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கினர். மலைக்கு அந்தச் சீட்டு செல்லாது. விலை கட்டுப்படியாகாதபோது மிளகு பொதிமாடுகளின் முதுகில் கணவாய்களைக் கடந்து தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கியது. கோட்டைச் சுவர்களைப் பார்த்து ஏகாதிபத்தியத்தின் வலிமையை அளப்பவர்கள் இந்தப் பொதிமாடுகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

1663இல் நகரம் டச்சுக்காரர் கைக்கு மாறியது. அக்காலத்தின் எச்சமாகப் பயணிகள் கல்லறைகளையும் ஓட்டுக் கூரைகளையும் படமெடுக்கின்றனர். வெளி பகுதியிலுள்ள சலவைத்துறையில் இன்றும் துணி துவைக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்களும் அதே காலத்தின் தொடர்ச்சிதான். படைவீரர்களின் உடைகளை வெளுக்கவே தங்கள் முன்னோர் அழைத்து வரப்பட்டனர் என்று அவர்கள் கூறுகின்றனர்.

1795இல் ஆங்கிலேயர் வந்தபின் ஒரு விந்தையான நிலை உருவானது. ஃபோர்ட் கொச்சி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் கொச்சி சமஸ்தானம். மூணாறு மலைகளோ திருவிதாங்கூரில். 1877இல் ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றது பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து. அக்குடும்பம் தன் மூலத்தை மதுரைப் பாண்டியரிடம் கண்டது. மலையின் முகம் அன்று கிழக்கு நோக்கியே இருந்தது. தொழிலாளர் கங்காணிகள் வழியே திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து ஏறினர். தேயிலை அதே திசையில் இறங்கியது. 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. 1908இல் அதன் இடத்தில் சிற்றகல இரயில் வந்தது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை இரயில், அங்கிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடம், பிறகு போடி வழியாகத் தூத்துக்குடி. போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து ஆண்ட இன்னொரு கடற்கரை நகரம் அது. மூணாறின் முதல் துறைமுகம் கொச்சி அன்று, தூத்துக்குடி.

1924 ஜூலையில் பெய்த பெருமழை அந்த இரயில் பாதையை அழித்தது. அது மீண்டும் கட்டப்படவில்லை. அதே பத்தாண்டில் கொச்சியில் ராபர்ட் பிரிஸ்டோ, கப்பல்களைக் கடலிலேயே நிறுத்திவைத்த மணல்திட்டை அகழ்ந்துகொண்டிருந்தார். 1928 மே மாதம் ‘பத்மா’ என்னும் கப்பல் உட்துறைமுகத்துக்குள் நுழைந்தது. 1935இல் பெரியாற்றின் மீது நேரியமங்கலம் பாலம் திறக்கப்பட்டபோது மேற்குத் திசைச் சாலை உறுதிப்பட்டது. 1947 முதல் கொச்சியில் தேயிலை ஏலமும் நடக்கலாயிற்று. இன்றைய சுற்றுலாக் கார் செல்வது இந்தத் தேயிலைச் சாலையில்தான்.

பாலக்காட்டு எல்லையிலும் இதற்கு இணையான கதை உண்டு. பரம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்கக் கொச்சி அரசு காட்டு டிராம் பாதை அமைத்தது. மரம் அங்கிருந்து இரயிலேறித் துறைமுகம் சேர்ந்தது. 1963இல் பாதை மூடப்பட்டது. இன்று பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும், சாலை வழியே அங்குச் செல்லப் பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்தே செல்ல வேண்டும்.

ஃபோர்ட் கொச்சியில் இறந்தோருக்குக் கல் உண்டு. காமாவின் எலும்புகள் லிஸ்பனுக்குப் போன பின்னும் அவர் கிடந்த இடம் தடுப்புக் கம்பிகளுக்குள் பாதுகாக்கப்படுகிறது. மலையில் தேயிலைச் செடி நட்டவர்களுக்கு அத்தகைய கல்வெட்டுகள் அரிது. தலைமுறைகள் கடந்தும் அவர்களில் பெரும்பாலோர் லயங்களில்தான் வாழ்கின்றனர். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களில் நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. இறந்தோரில் பலரின் பூர்வீகம் கயத்தாறு. மூணாற்றுத் தேயிலை முதலில் கப்பலேறிய தூத்துக்குடி மாவட்டத்தில்தான் அந்த ஊரும் இருக்கிறது.