லயமும் ஊரும்

தமிழர் குடியிருப்பு வரலாற்றை ஆராய்வார், 'நெருக்கம்' என்னும் சொல்லுள் இரு பொருள் அடங்கியிருத்தலை முதற்கண் உணர்தல் வேண்டும். வீடுகள் அடுத்தடுத்து நிற்றல் ஒன்று. ஒரு வீட்டினுள் மாந்தர் அடைபட்டுக் கிடத்தல் மற்றொன்று. முன்னது ஊரின் இயல்பு. பின்னது கொட்டடியின் இயல்பு.

இவ்வேறுபாட்டிற்குப் பெக்கோக் வட்டாரம் தக்க சான்று. சிகாமட் மாவட்டத்துச் சிற்றூராகிய இது, கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு செல்லும் இரயில் பாதையில், லாபிஸுக்கும் பாலோவுக்கும் இடையே உள்ளது. 1909இல் அப்பாதை முற்றுப்பெற்றபின், ஜொகூரின் உட்பகுதியில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கண்ணுக்கெட்டிய தொலைவு தோட்டமே. ஆயினும் பால்மரம் சீவியவர்க்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை. நிலமின்மையால் நேர்ந்த நெருக்கமா இது? அன்று. ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டினால் செலவு குறையும். விடியற்காலைப் பிரட்டுக்கு ஆள் திரட்டுவதும் எளிது.

1948இல் அவசரகாலம் பிறந்தது. 1950ஆம் ஆண்டுப் பிரிக்ஸ் திட்டத்தையொட்டிச் சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் வந்தன. கோலாலம்பூரின் நெரிசலைத் தணிக்கப் பெட்டாலிங் ஜெயா தோன்றியதும் அக்காலத்தேதான். ஆங்கே நெருக்கம் தளர்ந்தது, ஈங்கே இறுகியது.

நிற்க. நம் முன்னோர் லயத்தையும் ஊராக்கினர். கோயில், பள்ளி, ஆயாக் கொட்டகை, திடல், கொல்லையில் கீரைப்பாத்தி ஆகியன அவ்வூரின் உறுப்புகள். ஆனால் வீடு வேலையோடு கட்டுண்டிருந்தது. வேலை போயின் வீடும் போயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் சிறுகச் சேர்த்த பணமே தோட்டம் வாங்கியது. 1966ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்த அளவுத் தரத்தை வகுத்தது. உரிமையை அது வழங்கவில்லை.

பின்னர்த் தோட்டத்தைவிட்டு வெளியேறியோர் பலர் மலிவுவிலை அடுக்குமாடிகளில் குடியேறினர். அங்கும் சுவரோடு சுவர்தான்; கீரைப்பாத்தியும் திடலும் இல்லை. இதற்கு மாற்று, ஒவ்வொரு வீட்டையும் வேலியிட்டுத் தனித்து நிறுத்தும் புறநகரே என்பார் உளர். அது நிலத்தை விழுங்கும். கடைக்குச் செல்லவும் கார் வேண்டும். அடுத்தடுத்த வீடுகள், அவரவர்க்கு உரிமை, அனைவர்க்கும் பொதுநிலம் என்னும் மூன்றும் கூடினால் நெருக்கம் தீதன்று, அதுவே ஊர்.

ஆசிரியர்காள்! முதியோரிடம் கேட்டு, பழைய லயத்தின் படத்தை மாணாக்கர் வரையச் செய்மின். கோயிலும் கிணறும் திடலும் எங்கிருந்தன என்று குறிக்கட்டும். நாளை வீடு கட்டுவோர் அவர்களே அல்லரோ?