நாய்க்கும் நடுகல் வைத்தவர்கள் நாம்



எங்கள் வீட்டு மணி போன செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டான். 13 வருடம் எங்களோடு இருந்தவன். செய்தி கேட்டுப் பலர் போனில் பேசினீர்கள், சிலர் நேரிலேயே வந்தீர்கள். எல்லோருக்கும் நன்றி. உறவில் ஒருவர் மட்டும், "ஒரு நாய்க்குப் போய் இத்தனை துக்கமா? இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்த பழக்கம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர் சொன்னது சரித்திரப்படி சரியில்லை. வாத்தியாருக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியாது அல்லவா?

நடுகல் என்றால் என்னவென்று ஐந்தாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஊரின் ஆடுமாடுகளைக் காக்கப் போரிட்டு இறந்தவனுக்குக் கல் தேர்ந்தெடுத்து, நீராட்டி, அவன் பெயரையும் செயலையும் பொறித்து நட்டு, படையலிட்டு வணங்குவது. இப்படிப்பட்ட கற்கள் திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியில் ஏராளம். அவற்றில் ஒன்று எடத்தனூரில் இருக்கிறது.

அந்தக் கல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தாரே, அதே மகேந்திரவர்மன்தான். அப்படியென்றால் ஏறக்குறைய 1,400 வருடம் ஆகிறது. எழுத்து வட்டெழுத்து. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்துபோன கருந்தேவக்கத்தி என்பவனுக்காக நட்ட கல் அது. அவன் அரசன் இல்லை, ஒரு தலைவரிடம் வேலை பார்த்தவன். கல்லில் அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்வர் இரண்டு பேரைக் கடித்து அது காவல் நின்ற செய்தியையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. "அவனுடைய நாய்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். கல்லில் ஒவ்வொரு எழுத்தையும் உளி வைத்து வெட்ட வேண்டிய காலம் அது. ஆனாலும் பெயர் சொல்லி எழுதினார்கள். அது என்ன இனம், என்ன நிறம், என்ன விலை என்று எதுவும் இல்லை. பெயர் இருக்கிறது, செய்த காரியம் இருக்கிறது.

இன்னொரு கல் கர்நாடகத்தில், மண்டியா மாவட்டம் ஆதகூரில் கிடைத்தது. கி.பி. 949-ல் தக்கோலத்தில் நடந்த போர் நினைவிருக்கிறதா? சோழ இளவரசன் இராசாதித்தன் யானை மேலிருந்தபடி உயிர்விட்ட போர். அதில் எதிர்ப்பக்கம் நின்று போரிட்டவன் மணலேரன். அவன் வீரத்தை மெச்சி, என்ன வேண்டும் கேள் என்றபோது, அவன் ஊரும் கேட்கவில்லை, பொன்னும் கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான். பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு காளி சண்டையிட்டது. இரண்டுமே செத்தன. மணலேரன் அங்கே கோயில் முன்னால் காளிக்குக் கல் நட்டான். நாயும் பன்றியும் மோதுகிற காட்சியை அதில் செதுக்கினார்கள். கல்லுக்கு நிலமும் விட்டார்கள். கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசாரி சாப்பிட்டால் அவருக்குப் பாவம் என்றும் எழுதி வைத்தார்கள்!

ஒருவன் மாடு காக்கும் வேலைக்காரன், இன்னொருவன் போர்த்தளபதி. இரண்டு பேர் வாழ்க்கைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் நாயைப் பெயரோடு நினைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் இந்தப் பக்கம் கப்பலேறி வருவதற்குப் பல நூறு வருடத்துக்கு முன்னால் நடந்தவை இவை.

மணிக்குக் கல் நட எனக்கு வசதி இல்லை. கொல்லையில் தென்னைமரத்தடியில் புதைத்திருக்கிறோம். முன்னோர் செய்த முறைப்படி பெயரையும் செயலையும் மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பெயர் மணி. தெருவில் கிடந்த நாட்டு நாய்க்குட்டி. தினமும் காலையில் என்னோடு பஸ் நிறுத்தம் வரை வந்து, பஸ் கிளம்பிய பிறகுதான் வீடு திரும்புவான். நான் ஓய்வு பெற்ற மறுநாளும் அதே நேரத்துக்கு வாசலில் போய் நின்றான். என் வீட்டம்மா கால் முறிந்து நான்கு மாதம் படுத்திருந்தபோது கட்டிலடியை விட்டு நகரவில்லை. அவர் கூப்பிட்டு என் காதில் விழாவிட்டால், வந்து வேட்டியைப் பிடித்து இழுப்பான். யாரையும் கடித்ததில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கஸ்தூரிபா சாலை அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் காளியின் கல்லைப் பார்க்கலாம். குழந்தைகளையும் கூட்டிப் போங்கள்.

வழக்கம்போல ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் இருந்து மறைந்த நாயின் பெயரையும், அது செய்த ஒரே ஒரு காரியத்தையும் கீழே எழுதுங்கள். ஒரு வரி போதும். எல்லாவற்றையும் படிப்பேன்.