கேட்கப் போன தூரம்: தூத்துக்குடிச் சீமையின் ரசிகப் பயணங்கள்

தமிழ்நாட்டின் இசை வரலாறும் நாடக வரலாறும் பெரும்பாலும் கலைஞர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. யார் யாரிடம் பயின்றார், எந்த அரண்மனை எவரை ஆதரித்தது, எந்தக் கம்பெனி எப்போது கலைந்தது என்பவற்றுக்கு ஓரளவு சான்றுகள் உண்டு. அக்கலைஞர்களைக் கேட்கவும் பார்க்கவும் வந்தவர்கள் எவ்வழியாக, எதில் ஏறி, எத்தனை நாழிகை கடந்து வந்தனர் என்பது ஓரக்குறிப்பாகக்கூட இடம்பெறுவது அரிது. தூத்துக்குடித் துறைமுகத்தையும் அதன் பின்நிலமாகிய கரிசல் காட்டையும் பொறுத்தவரை இந்த விடுபாடு சிறியதன்று. காவிரிக் கரையில் இருந்ததைப்போல் ஊருக்கொரு பெருங்கோயிலும் அதற்கொரு நிலையான மேளமும் இங்கு அமையவில்லை. நல்ல இசையைக் கேட்க விரும்பியவர் ஊரைவிட்டுக் கிளம்பியே ஆகவேண்டியிருந்தது. இப்பகுதியில் ரசிகர் என்னும் கூட்டத்தை உருவாக்கியதில் காதுக்கு இருந்த பங்கு காலுக்கும் சக்கரத்துக்கும் இருந்தது.

நிலத்தின் இயல்பே இப்பயணங்களின் காலத்தை வரையறுத்தது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களின் கரிசல் மண், ஐப்பசி கார்த்திகை மழையில் களியாகிச் சக்கரத்தின் ஆரக்கால்வரை அப்பிக்கொள்ளும் தன்மையது. அம்மாதங்களில் வண்டிப் பாதைகள் பெயருக்கே பாதைகளாக இருந்தன. பருத்தியும் தானியமும் வீடு வந்துசேர்ந்து, மண் காய்ந்து, மாடுகளுக்கு வேலை குறையும் பங்குனி முதல் வைகாசி வரையான காலத்திலேயே கோயில் திருவிழாக்களும், ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் விழாவாகிய ‘கொடை’களும் நெருக்கமாக அமைந்தன. திருச்செந்தூரை ஒட்டிய தேரி நிலத்தில், அதாவது செம்மணல் மேடுகள் நிறைந்த பனங்காட்டுப் பகுதியில், மழையைவிட மணலே தடை. அங்கு வண்டியைக் காட்டிலும் நடையே நம்பத்தக்கதாக இருந்தது.

கடற்கரையிலோ கூடிக் கலையும் பழக்கம் வேறு வகையில் வேரூன்றியிருந்தது. கடல் அமைதியாக இருக்கும் வேனிற்கால முற்பகுதியில் அரசு நாள் குறித்து அறிவிக்க, பல துறைகளிலிருந்து குளியாட்களும் வணிகர்களும் வந்து சேர்ந்து மணற்கரையில் சில வாரங்களுக்கு மட்டும் ஓர் ஊரையே எழுப்பும் முத்துச் சலாபம் (சலாபம் என்பது முத்துக் குளிப்பையும் அது நடைபெறும் இடத்தையும் குறிக்கும் சொல்) கலை நிகழ்ச்சி அன்றுதான். ஆயினும் அறிவித்த நாளில் தொலைவிலிருந்து வந்து கூடும் வழக்கத்தைக் கடற்கரை மக்கள் அதில் கண்டிருந்தனர். 1955 முதல் 1961 வரை நடைபெற்ற குளிப்புகளோடு தூத்துக்குடியின் சலாபங்கள் நின்றுபோயின. பரதவர் சமூகத்தின் கூடலாகிய பனிமய மாதா திருவிழா நின்றுபோகவில்லை. ஜூலை 26 முதல் ஆகஸ்டு 5 வரை ஆண்டுதோறும் நடைபெறும் அவ்விழாவில், 1806இல் முதன்முறையாக இழுக்கப்பட்ட தங்கத் தேர் சில குறிப்பிட்ட ஆண்டுகளில் மட்டுமே வீதிக்கு வரும். 1955, 1982, 2000, 2007, 2013, 2023 ஆகியவை அவற்றுட் சில. அவ்வாறான ஆண்டுகளில் திரளும் கூட்டம் வழக்கமான கூட்டத்தினும் பன்மடங்கு பெரியது.

அரண்மனை இசைக்கு இவ்வகைப் பயணம் தேவைப்படவில்லை, ஏனெனில் அதைக் கேட்க ஊரார் அழைக்கப்படவில்லை. எட்டயபுரம் ஜமீன் கர்நாடக இசைக்குச் செய்த தொண்டு மறுக்கமுடியாதது. முத்துசாமி தீட்சிதர் தம் இறுதி நாள்களைக் கழித்து 1835இல் மறைந்தது அவ்வூரில்தான்; சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904இல் அச்சேறியதும் அங்குதான். ஆனால் அச்சபையில் அமர்ந்தவர் தொகை மிகச் சிறியது. பாடுபவர் பயணம் செய்து வந்தார். கேட்பவர் அரண்மனைக்குள்ளேயே இருந்தார். இந்த வரிசை தலைகீழானபோதுதான் ரசிகர் என்ற சொல் பொதுமக்களைக் குறிக்கத் தொடங்கியது.

கோயில் புறப்பாட்டில் வாசிக்கப்பட்ட நாகசுரம் அந்த மாற்றத்துக்கு ஓரளவு வழிவிட்டது. திறந்த வெளிக்கென்றே அமைந்த கருவியாதலால், கோயிலுக்குள் நுழைய உரிமையற்றவரும் தொலைவில் நின்று அதைக் கேட்கலாம் என்று எண்ணத் தோன்றும். நடைமுறை அவ்வளவு எளிதாக இல்லை. தேரோடும் வீதிகளில் நாடார்கள் ஊர்வலம் செல்வது குறித்து எழுந்த பூசல் 1895இல் கழுகுமலையில் கலவரமாக முடிந்தது. வீதியும் எல்லாருக்கும் பொது அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இசை காற்றில் பரவியது. கேட்கும் இடத்தைச் சாதி அளந்து கொடுத்தது. இப்பகுதியின் ரசிகப் பயணங்களை வியந்து பேசுவோர் இந்த அளவுகோலை மறந்துவிடுவது வழக்கம்.

1876ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு இருப்புப் பாதை வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட பயணி தூத்துக்குடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் ஓரிரவு பயணம் செய்து கொழும்பை அடையலாம் என்ற நிலை, 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறக்கப்படும்வரை நீடித்தது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் நிறுவிய சுதேசி நாவாய்ச் சங்கம் இக்கடல்வழியில்தான் ஆங்கிலேயக் கம்பெனியோடு போட்டியிட்டது. பயணிகளை ஈர்க்க ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, இறுதியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்பது இன்றும் சொல்லப்படும் செய்தி. 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் பயன்களுள் ஒன்று ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அரசியல் வரலாற்றில் கூலி உயர்வுக்கு அடுத்த வரியாக மட்டும் எழுதப்படும் இந்த விடுமுறைக்குக் கலை வரலாற்றில் தனி இடம் உண்டு. சனிக்கிழமை இரவு முழுதும் விழித்திருந்து மறுநாள் உறங்கக்கூடிய, கையில் கூலிக்காசுடைய ஒரு கூட்டம் துறைமுக நகரில் உருவாகிக்கொண்டிருந்தது.

அக்கூட்டம் பார்க்கச் சென்ற நாடகங்களுக்கு உருவம் கொடுத்தவர் இம்மண்ணைச் சேர்ந்தவரே. 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், இளமையில் உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்து, பின்னர் நாடகத்துக்கு வந்தவர். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் முதலிய உக்கிர வேடங்களில் அவர் நடித்தார். சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்றபோது எதிர்ப்பட்ட கர்ப்பிணி ஒருத்தி அஞ்சி விழுந்து உயிர்துறந்ததால் நடிப்பையே கைவிட்டு ஆசிரியராக மட்டும் இருந்தார் என்பது நாடக உலகம் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்த அவர் 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘கோவலன்’ உள்ளிட்ட அவருடைய நாடகங்கள் அவருக்குப் பின் கம்பெனிகளின் கையிலிருந்து ‘ஸ்பெஷல்’ நாடகத்தாரின் கைக்கு மாறின.

ஸ்பெஷல் நாடகம் என்பது நிலையான குழுவின்றி, ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைத்து, ஒத்திகையில்லாமல் அன்றிரவே மேடையேற்றும் முறை. பாடமும் பாட்டும் அனைவருக்கும் மனப்பாடம். முன்பின் அறியாத இருவர் வள்ளியாகவும் முருகனாகவும் எதிரெதிர் நின்று தர்க்கம் செய்வர். இம்முறையில் கதை எல்லாருக்கும் தெரியும், யார் யாரோடு சேர்கிறார் என்பதே புதுமை. ஆகவே நோட்டீசில் அச்சான பெயர்களே ஆளை இழுத்தன. இன்ன ராஜபார்ட்டுக்கு இன்ன ஸ்திரீபார்ட் என்ற செய்தி பரவியவுடன் பதினைந்து இருபது கிலோமீட்டர் சுற்றளவில் வண்டிகள் பூட்டப்பட்டன. செங்கோட்டையைச் சேர்ந்த எஸ். ஜி. கிட்டப்பாவும் கொடுமுடியைச் சேர்ந்த கே. பி. சுந்தராம்பாளும் 1920களின் நடுப்பகுதியில் கொழும்பு மேடையில் இணைந்தபோது, கடலுக்கு இருமருங்கும் இருந்த தமிழ் ரசிகர்கள் இவ்வாறான ஒரு சேர்க்கையையே கொண்டாடினர். கிட்டப்பா 1933இல் இளவயதில் மறைந்தார். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைவரை எட்டிய அவர் குரலை நேரில் கேட்டவர்கள் அதைத் தம் வாழ்நாள் தகுதியாகவே சொல்லிக்கொண்டனர்.

வண்டிப் பயணத்தை வெறும் போக்குவரத்தாகக் கருதுவது தவறு. ஏர் இழுத்த மாடுகளே வண்டியும் இழுத்தன. மணிக்கு நான்கைந்து கிலோமீட்டருக்கு மேல் அவை நடப்பதில்லை என்பதால், இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருக்குப் பொழுது சாயுமுன் புறப்பட்டால்தான் இரவு பத்து மணிக்குத் திரை விலகும்போது இடம் பிடிக்க முடியும். வசதியுடையோர் வில்வண்டியிலும் பெண்களும் குழந்தைகளும் கூண்டு வண்டியிலும், மற்றோர் கூண்டில்லாத மொட்டை வண்டியிலும் சென்றனர். பலகையில் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் பாயை விரிப்பர். அந்த வைக்கோலே போய்ச் சேர்ந்த இடத்தில் மாட்டுக்குத் தீனியாகும். புளிச்சோற்றுக் கட்டு, தண்ணீர்ச் செம்பு, அச்சுக்கு அடியில் தொங்கும் அரிக்கேன் விளக்கு இவ்வளவே பயணச் சாமான். திருட்டுக்கு அஞ்சி வண்டிகள் தனியே செல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகவே சென்றன. போகும் வழியில், பார்க்கப்போகும் ராஜபார்ட் சென்ற ஆண்டு எந்த இடத்தில் எப்படிப் பாடினார் என்பது விவாதிக்கப்பட்டது. திரும்பும் வழியில் அன்றைய தர்க்கத்தில் வென்றது யார் என்பது தீர்ப்புக்கு வந்தது. எழுத்தறியாத ஒரு சமூகத்தில் கலை விமரிசனம் என்ற துறை நடைபெற்ற இடம் இந்த வண்டிப் பலகைதான் எனலாம். விடியலில் வண்டியோட்டியும் உறங்கிவிட, மாடுகள் தாமே வீட்டுத் தொழுவத்துக்குத் திரும்பின.

நாகசுரத்துக்காக மேற்கொள்ளப்பட்ட பயணங்கள் காருக்குறிச்சி அருணாசலத்தின் காலத்தில் உச்சத்தை அடைந்தன. 1921இல் திருநெல்வேலிச் சீமையின் காருக்குறிச்சியில் பிறந்து, திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையிடம் குருகுலவாசமிருந்து அவருடன் இரண்டாவது நாயனம் வாசித்து, பின்னர் கோவில்பட்டியை இருப்பிடமாகக் கொண்ட அவர், கரிசல் நிலத்துக்குக் கிடைத்த முதல் பெரும் மேளக்காரர். (நாகசுரமும் தவிலும் சேர்ந்த குழுவையே மக்கள் ‘மேளம்’ என்பர், விழா என்றால் ‘யார் மேளம்?’ என்பதே முதல் கேள்வி.) தஞ்சைப் பாணியின் நீண்ட ராக ஆலாபனையைக் கேட்க இனித் தஞ்சைக்குப் போகவேண்டியதில்லை, கோவில்பட்டிக்கோ கழுகுமலைக்கோ போனால் போதும் என்றாயிற்று. செல்வர் வீட்டுத் திருமணங்களில் அவர் வாசிக்கும் செய்தி கிடைத்தால், அழைப்பில்லாதவரும் பந்தலுக்கு வெளியே தெருவில் வந்து அமர்ந்தனர். பந்தியில் உட்காராமல், மொய் எழுதாமல், மணமக்கள் யாரென்றும் அறியாமல் வந்துபோன இந்த விருந்தினரை எவரும் விரட்டியதாகத் தெரியவில்லை. வெளியே எத்தனை பேர் நிற்கின்றனர் என்பது வீட்டுக்காரரின் பெருமைக்கும் ஒரு கணக்காக இருந்தது.

இக்கேள்வி மரபு எழுத்திலும் தடம் பதித்தது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் 1923இல் பிறந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் எழுத்தாளராகுமுன்பே இசைப்பித்தர்கள். காருக்குறிச்சியின் நட்பு வட்டத்தில் இருந்த கி. ரா., காடல்குடி ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த நல்லப்பசாமி என்னும் விளாத்திகுளம் சுவாமிகளிடம் (1889–1965) இசை கற்கவும் முயன்றார். சுவாமிகள் சாகித்தியத்தைவிட ராகத்தையே பெரிதாகப் போற்றி, ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடியவர். அவரைக் கேட்க விரும்பியவர் அவர் இருக்குமிடம் தேடியே செல்லவேண்டியிருந்தது. கரிசல் எழுத்தின் பேச்சுநடையில் உள்ள நீட்டலும் நிறுத்தலும் இப்பயணங்களில் கேட்ட காதுகளுக்குக் கடன்பட்டவை என்று கருத இடமுண்டு.

பயணத்தின் தேவையைக் குறைத்த கருவிகள் ஒவ்வொன்றாக வந்தன. கிராமபோன் தட்டு குரலை வீட்டுக்குக் கொண்டுவந்தது; டூரிங் கொட்டகை நடிகரின் நிழலை அடுத்த ஊர்வரை கொண்டுவந்தது; இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை, கடல் ஒன்றே இடையில் இருந்ததால், தூத்துக்குடிக் கரையில் சென்னை நிலையத்தைவிடத் தெளிவாகக் கேட்டது. 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து ஒலித்த ஆபேரி ராகப் பாடல், காருக்குறிச்சியைக் கண்டிராத பல இலட்சம் பேருக்கு அவரை அறிமுகப்படுத்தியது. 1963இல் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், 43 வயது நிறைவதற்குள், காருக்குறிச்சி மறைந்தார். அவருக்குக் கோவில்பட்டியில் சிலை வைத்தனர். அதன்பின் பேருந்துகளும் லாரிகளும் பெருகின, கூண்டு வண்டிகள் தொழுவங்களில் மட்கின.

ஆயினும் கூட்டமாகக் கிளம்பும் வழக்கம் வேறு உருவில் தொடர்கிறது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலின் தசரா விழாவுக்கு விரதமிருந்து வேடமணியும் பக்தர்கள், ஊர்தோறும் ‘தசரா செட்’ எனப்படும் குழுக்களாகச் சேர்ந்து, தாரை தப்பட்டையோடும் பேண்டு வாத்தியத்தோடும் ஊர் ஊராகக் காணிக்கை பெற்றுக் கடற்கரைக்கு வந்து சேர்கின்றனர். காளி, குறவன், குரங்கு, போலீஸ்காரர், அரசன் என எவ்வேடமும் அங்கு ஏற்புடையதே. இவ்விழாவில் பார்ப்பவர் யார், நிகழ்த்துபவர் யார் என்று பிரிப்பது கடினம். வேனின் கூரையில் பறையும் உள்ளே வேடமுமாகப் போகும் கூட்டமே ஒரே சமயத்தில் செட்டும் ரசிகருமாக இருக்கிறது. விழா முடிந்த மறுநாள் காலை, திருச்செந்தூர்ச் சாலையோரத் தேநீர்க் கடைகளில், பாதி கலைந்த அரிதாரத்தோடு அமர்ந்திருக்கும் காளிகளும் அரசர்களும் எந்த ஊர்ச் செட்டின் மேளம் சிறந்தது என்று வாதிட்டுக்கொண்டிருப்பதைக் காணலாம்.