ஐரோப்பிய ஒன்றியச் சட்டம்: அறிமுகத் தேர்வுப் பாடமாக வளர்ந்த வரலாறு

ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் என்பது, ஒன்றியத்தின் பல உறுப்பு நாடுகளில் சட்டம் பயிலும் மாணவர்கள் பட்டப்படிப்பின் தொடக்க ஆண்டுகளிலேயே எழுதும் தேர்வுப் பாடம். நாடுகள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் பிறந்து, அந்நாடுகளின் சொந்தச் சட்டங்களுக்கும் மேலாக நிற்கும் ஒரு சட்டத்தொகுதியை இது கற்பிக்கிறது. சட்டத்தை யார் இயற்றுகிறார்கள், உள்ளூர் நீதிமன்றத்தில் அது எப்படிச் செல்லுபடியாகிறது, சாதாரணக் குடிமகன் அதைக் கொண்டு எதைக் கேட்டுப் பெறலாம் என்பவையே அறிமுகத் தாளின் மையக் கேள்விகள். மனித உரிமை வழக்குகளை விசாரிக்கும் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் 1949இல் தோன்றிய ஐரோப்பிய அவையைச் சேர்ந்தது. ஒன்றியத்தின் நீதிமன்றம் இருப்பதோ லக்சம்பர்க்கில். இந்த இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுவது முதலாண்டு விடைத்தாள்களில் இன்றும் காணப்படும் பிழை.

தொடக்கம்

1951 ஏப்ரல் 18 அன்று பாரிசில் கையெழுத்தான நிலக்கரி, எஃகு ஒப்பந்தத்தில் பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் தம் அதிகாரத்தில் ஒரு பகுதியைப் பொது அமைப்பிடம் ஒப்படைத்தன. அதன் உயர் அதிகாரசபையின் பணி நாடுகளுக்கு மேலானது என்று 9ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொன்னது. அடுத்த ஆண்டு ஏழு நீதிபதிகளுடன் லக்சம்பர்க் நீதிமன்றம் அமைந்தது. 1957இன் உரோம ஒப்பந்தம் பொதுச் சந்தையை உருவாக்கியது.

அந்தக் காலத்தில் இது தனிப் பாடமாக இல்லை. சர்வதேசச் சட்டத்தின் கடைசி அத்தியாயமாகவோ, பொருளாதாரச் சட்டத்தின் கிளையாகவோதான் விரிவுரைகளில் இடம்பெற்றது. தனி வகுப்புகள் நடந்தவை ஒரு சில இடங்களில்: புரூஜ் நகரில் 1949இல் தொடங்கிய ஐரோப்பியக் கல்லூரி, சார்லாண்ட் பல்கலைக்கழகத்தில் 1951இல் அமைந்த ஐரோப்பிய நிறுவனம், லைடனில் 1957இல் அமைந்த அதேபோன்ற நிறுவனம். படிக்க வந்தவர்களும் புதிய அமைப்புகளில் வேலை தேடிய பட்டதாரிகளே. ஊரில் வழக்கறிஞராகப் போகிறவருக்கு இதனால் பயன் என்ன என்று அன்று யாராவது கேட்டிருந்தால், பதில் சொல்வது கடினமாகவே இருந்திருக்கும்.

இரண்டு தீர்ப்புகள்

அந்தப் பதிலைத் தந்தது ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் சுங்கவரித் தகராறு. நெதர்லாந்தின் வான் கெண்ட் என் லோஸ் நிறுவனம் 1960இல் மேற்கு ஜெர்மனியிலிருந்து யூரியா ஃபார்மால்டிஹைடு இறக்குமதி செய்தது. பொருள் வகைப்பாடு மாற்றப்பட்டதால் வரி 3 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகியிருந்தது. உறுப்பு நாடுகள் தமக்குள் சுங்கவரியை உயர்த்தக் கூடாது என்றது உரோம ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவு. அரசுகளுக்கு இடையிலான இந்த வாக்குறுதியை ஒரு தனியார் நிறுவனம் தன் நாட்டுத் தீர்ப்பாயத்தில் எடுத்துக்காட்டி வாதாட முடியுமா என்பதே கேள்வி. தீர்ப்பாயம் அதை லக்சம்பர்க்குக்கு அனுப்பியது. நெதர்லாந்தும் பெல்ஜியமும் ஜெர்மனியும் எதிர்த்து வாதிட்டன. முடியும் என்று 1963 பிப்ரவரி 5 அன்று தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் அரசுகளை மட்டுமின்றி அவற்றின் மக்களையும் உரிமை உடையவர்களாகக் கொண்ட புதிய சட்ட ஒழுங்கை உருவாக்கியிருக்கிறது என்பது நீதிமன்றத்தின் நியாயம். நேரடி விளைவு என்ற கோட்பாடு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டாவது வழக்கில், மிலான் வழக்கறிஞர் ஃப்ளாமினியோ கோஸ்டா, மின்துறையை இத்தாலி நாட்டுடைமையாக்கியதை எதிர்த்து, தம் வீட்டு மின்கட்டணத்தைக் கட்ட மறுத்தார். அவர் பங்கு வைத்திருந்த தனியார் மின்நிறுவனம் அரசுடைமையாகியிருந்தது. தொகை 2,000 லிராவுக்கும் குறைவு. பின்னால் வந்த தேசியச் சட்டம்கூட ஒப்பந்தத்துக்கு முன் நிற்காது என்று 1964 ஜூலை 15 அன்று நீதிமன்றம் கூறியது. இது முதன்மைக் கோட்பாடு. முதன்மை பற்றி உரோம ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. அதை எழுத்தில் கொண்டுவர முயன்ற 2004ஆம் ஆண்டின் அரசமைப்பு ஒப்பந்தம், 2005இல் பிரான்சிலும் நெதர்லாந்திலும் நடந்த பொது வாக்கெடுப்புகளில் தோற்றது. பின்னர் வந்த லிஸ்பன் ஒப்பந்தத்திலோ அது 17ஆம் அறிவிப்பு என்ற இணைப்பில் மட்டும் இடம்பெற்றது. ஒப்பந்தப் பிரிவுகளை மட்டும் மனப்பாடம் செய்தவர் இந்தத் தேர்வில் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான். பாடத்தின் முதுகெலும்பே தீர்ப்புகளில்தான் இருக்கிறது.

இந்தத் தீர்ப்புகளுக்குப் பின் ஒவ்வோர் ஊர் நீதிமன்றமும் ஒன்றியச் சட்டத்தைச் செயல்படுத்தும் நீதிமன்றமாயிற்று. எனவே ஒவ்வொரு வழக்கறிஞருக்கும் அது தேவைப்பட்டது. தீர்ப்புகளுக்கு முன்பே, 1961இல், ஐரோப்பியச் சட்டத்துக்கான சர்வதேசக் கூட்டமைப்பு தோன்றியிருந்தது. லைடனைச் சார்ந்து 1963இல் பொதுச் சந்தைச் சட்ட ஆய்விதழ் வெளிவரத் தொடங்கியது. 1965, 1966 ஆண்டுகளில் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் தனி இதழ்கள் வந்தன. ஹாம்பர்க் பேராசிரியர் ஹன்ஸ் பீட்டர் இப்சன் 1972இல் வெளியிட்ட பெருநூல் ஜெர்மன் மொழியில் இத்துறையை நிலைநிறுத்தியது. பிரிட்டன் 1973இல்தான் சேர்ந்தது. ஆனால் அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே, 1968இல், எடின்பரோவில் ஜே. டி. பி. மிட்செல் ஐரோப்பிய நிறுவனங்களுக்கான பேராசிரியர் இருக்கையை ஏற்றிருந்தார்.

தொழிலும் பாடமும்

இந்தச் சட்டம் வழக்கறிஞர் தொழிலின் கதவையே மாற்றியமைத்தது. பெல்ஜியத்தில் சட்டம் படித்த ரைனர்ஸ் டச்சுக் குடியுரிமை உடையவர் என்பதால் அந்நாட்டு வழக்கறிஞர் சங்கத்தில் சேர்க்கப்படவில்லை. அந்தத் தடை செல்லாது என்று 1974இல் தீர்ப்பானது. வேறு நாட்டுப் பட்டம் என்பதற்காக ஒருவரை அப்படியே திருப்பி அனுப்பக் கூடாது, அவர் கற்றதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று 1991இன் விளாசோபூலு தீர்ப்பு கூறியது. 2003இன் மோர்கன்பெசர் தீர்ப்பு அதைத் தொழிற்பயிற்சி நிலையில் இருக்கும் பட்டதாரிகளுக்கும் விரித்தது. மாணவர்களுக்கு இந்த மூன்று வழக்குகளும் தம் சொந்த எதிர்காலத்தைப் பற்றியவை. முதல் வாரத்திலேயே இவற்றைச் சொல்லித் தருவது நல்ல ஆசிரியருக்கு அழகு.

1989இல் ஐரோப்பிய ஆணையம் ழான் மோனே திட்டத்தைத் தொடங்கிப் பல்கலைக்கழக இருக்கைகளுக்கு நிதியளித்தது. 1990களில் இங்கிலாந்திலும் வேல்சிலும் இது சட்டப் பட்டத்தின் ஏழு அடிப்படைப் பாடங்களில் ஒன்றாகியது. ஜெர்மனியில் நீதிபதிகள் சட்டத்தின் 5அ பிரிவு, குடிமைச் சட்டம் முதலான கட்டாயப் பாடங்களை அவற்றின் ஐரோப்பியச் சட்டத் தொடர்புகளோடு சேர்த்தே படிக்கச் சொல்கிறது. அயர்லாந்தில் சொலிசிட்டர் ஆக விரும்புபவர் எழுதும் முதல் நுழைவுத் தேர்வின் எட்டுத் தாள்களில் ஒன்று இது. பால் கிரெய்க்கும் கிராய்ன்யா த பூர்காவும் எழுதி 1995இல் முதற்பதிப்பு கண்ட பாடநூல், ஆங்கிலத்தில் பயில்வோரின் மேசைகளில் நிலைத்துவிட்டது.

தேர்வும் தயாரிப்பும்

அறிமுகத் தேர்வில் பொதுவாக ஒரு கட்டுரை வினாவும், கற்பனை நிகழ்வு ஒன்றைக் கொடுத்து அறிவுரை கேட்கும் வினாவும் இருக்கும். இரண்டாவதில்தான் மாணவரின் தேர்ச்சி தெரியும். அதன் மூலவடிவம் 1986இன் மார்ஷல் தீர்ப்பு. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் வட்டாரச் சுகாதார அமைப்பில் உணவியல் அலுவலராக இருந்த மார்ஷல் 62 வயதில் பணிநீக்கம் செய்யப்பட்டார். பெண்களுக்கு ஓய்வு வயது 60, ஆண்களுக்கு 65. பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1976ஆம் ஆண்டின் வழிகாட்டு ஆணையை அவர் எடுத்துக்காட்டினார். வழிகாட்டு ஆணை, அதாவது உறுப்பு நாடு தன் சட்டத்தின் வழியே நிறைவேற்ற வேண்டிய ஒன்றிய விதி, அரசுக்கு இடப்பட்டது. எனவே அரசு அமைப்பான முதலாளிக்கு எதிராக அதைப் பயன்படுத்தலாம், தனியார் முதலாளிக்கு எதிராக முடியாது என்றது நீதிமன்றம். மார்ஷல் வென்றார்.

தேர்வு வினா இதைத் திருப்பிப் போடும்: அதே பெண், அதே வயது, முதலாளி மட்டும் தனியார் மருத்துவமனை. நேரடி விளைவு கிடையாது என்று எழுதி நிறுத்துபவருக்குப் பாதி மதிப்பெண்ணும் கிடைக்காது. முதலில் அந்த மருத்துவமனை அரசின் சிறப்பு அதிகாரமோ கட்டுப்பாடோ உடையதா என்று, 1990இன் ஃபாஸ்டர் தீர்ப்பைக் கொண்டு பார்க்க வேண்டும். அடுத்து, உள்நாட்டுச் சட்டத்தையே ஆணைக்கு இசைவாகப் பொருள்கொள்ள முடியுமா என்று கேட்க வேண்டும். இதற்கு 1984இன் வான் கோல்சனும் 1990இன் மார்லீசிங்கும் துணை. அதுவும் கைகொடுக்காவிட்டால், ஆணையை நிறைவேற்றத் தவறிய அரசிடமே இழப்பீடு கேட்கலாம். திவாலான நிறுவனத்தின் ஊதியம் கிடைக்காத இத்தாலியத் தொழிலாளர்கள் தொடுத்த ஃபிராங்கோவிச் வழக்கு 1991இல் இந்த வழியைத் திறந்தது. அரசு முதலாளியா, இசைவான பொருள்கோளா, இழப்பீடா என்ற இந்த வரிசையைக் காரணத்தோடு சொல்லத் தெரிந்தால் தாளில் பெரும்பங்கு கைக்குள் வந்துவிடும்.

நாடுகளுக்கிடையே சரக்குகளின் தடையற்ற நடமாட்டம் பற்றிய பகுதிக்கும் இப்படி ஒரு வரிசை உண்டு. ஸ்காட்ச் விஸ்கி பற்றிய 1974இன் டாசன்வில் தீர்ப்பு வணிகத் தடை என்பதை மிக விரிவாக வரையறுத்தது. பழமதுவுக்கு ஜெர்மனி 25 விழுக்காடு ஆல்ககால் கேட்டதை எதிர்த்த 1979இன் காசிஸ் த டிஜோன் தீர்ப்பு, ஒரு நாட்டில் முறையாக விற்கப்படும் பொருளை மற்ற நாடும் ஏற்க வேண்டும் என்றது. 1993இன் கெக் தீர்ப்பிலோ நீதிமன்றம் தன் முந்தைய நிலையை வெளிப்படையாகவே மாற்றிக்கொண்டது. விற்பனை முறை பற்றிய விதிகளில் பலவற்றைத் தடையின் வரையறைக்கு வெளியே வைத்தது.

பிரிவு எண்கள் தனித் தொல்லை. ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தம் 1999இலும், லிஸ்பன் ஒப்பந்தம் 2009 டிசம்பர் 1 அன்றும் அவற்றை மாற்றின. உள்நாட்டு நீதிமன்றங்கள் லக்சம்பர்க்கிடம் விளக்கம் கேட்கும் பிரிவு 177 ஆக இருந்து, 234 ஆகி, இன்று 267. பழைய தீர்ப்பைப் படிப்பவர் பழைய எண்ணையும் அறிந்திருக்க வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தத் தொகுப்பைத் தேர்வறைக்குள் கொண்டுபோக அனுமதிக்கின்றன, ஓரக்குறிப்பு மட்டும் எழுதியிருக்கக் கூடாது. ஆகவே எண்களை நெட்டுருப் போடுவதில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. தீர்ப்பின் நியாயத்தைப் படிப்பதே மேல்.

அண்மைக் காலம்

2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் விலகியது. 2021 செப்டம்பரில் அங்கு தொடங்கிய சொலிசிட்டர் தகுதித் தேர்வில் ஒன்றியச் சட்டம் தனிப் பாடமாக இல்லை. ஒன்றியத்துக்குள்ளும் முதன்மைக் கோட்பாடு சவாலைச் சந்தித்தது. 2020 மே மாதம் ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றம் லக்சம்பர்க்கின் ஒரு தீர்ப்பைத் தன்னைக் கட்டுப்படுத்தாதது என்றது. 2021 அக்டோபரில் போலந்தின் அரசமைப்புத் தீர்ப்பாயம் இன்னும் கடுமையாக எதிர்த்தது. 1964இன் கேள்வி முடிந்துபோன வரலாறு அல்ல என்பதை மாணவர் உணர இவ்விரண்டும் போதும்.

பழைய குறிப்பேட்டை வைத்துப் படிப்பவர்கள் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். உள்நாட்டு நீதிமன்றங்களின் விளக்கக் கோரிக்கைகள் நீண்ட காலம் லக்சம்பர்க் நீதிமன்றத்தின் மேல் அடுக்கிடம் மட்டுமே இருந்தன. 2024 அக்டோபர் 1 முதல் மதிப்புக்கூட்டு வரி, கலால் வரி, சுங்கச் சட்டம், சுங்க வகைப்பாடு, பயணிகளுக்கான இழப்பீடு, பசுங்குடில் வாயு உமிழ்வு உரிம வணிகம் ஆகிய ஆறு துறைகளில் அவை கீழ் அடுக்கான பொது நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டுள்ளன.