22 வெட்டுகள்

பேட் மாஸ்டர்சன் கடைசிக் காலத்தில் நியூயார்க்கில் ஒரு செய்தித்தாளுக்கு விளையாட்டுப் பத்தி எழுதிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் டாட்ஜ் சிட்டி இருக்கும் கான்சஸ் மாவட்டத்தில் ஷெரீஃப். அவருடைய பழைய துப்பாக்கி வேண்டும் என்று ஒரு சேகரிப்பாளர் விடாமல் நச்சரித்தாராம். மனுஷன் நேராக அடகுக்கடைக்குப் போய், ஒரு பழைய கோல்ட் ரிவால்வரை வாங்கி, கைப்பிடியில் 22 வெட்டுகள் போட்டுக் கொடுத்துவிட்டார். கொன்றவர்களின் கணக்கா என்று கேட்டதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்டவர் பூரித்துப் போனார்.

கதை எவ்வளவு உண்மையோ, சேகரிப்பாளர்கள் இதைச் சொல்லிச் சிரிக்காத நாளில்லை. சிரிப்புக்குள் கொஞ்சம் பயமும் இருக்கும். வெட்டு, பூவேலை, பெயர் பொறிப்பு எல்லாமே பின்னால் யார் வேண்டுமானாலும் சேர்க்கக்கூடியவை. நூறு வருஷப் பழைய துப்பாக்கியில் போன மாதம் உளி ஓடியிருக்கலாம்.

அதனால் விலையின் பெரும்பகுதி இரும்புக்கு இல்லை, காகிதத்துக்கு. கோல்ட் நிறுவனம் சீரியல் நம்பர் வாரியாகப் பேரேடு வைத்திருந்தது: குழல் நீளம், பூச்சு, கைப்பிடி, யாருக்கு, எந்தத் தேதியில் அனுப்பினோம். இன்றும் பணம் கட்டினால் அந்த வரியைப் பார்த்துக் கடிதம் தருகிறார்கள். டேட்டாபேஸோடு மாரடிப்பவன் என்ற முறையில் எனக்கு இது உடனே புரிந்தது. பொருளை மாற்றலாம், லாகை மாற்ற முடியாது. மாஸ்டர்சன் 1885 ஜூலையில் டாட்ஜ் சிட்டி ஓப்பரா ஹவுஸ் சலூனின் கடிதத்தாளில் கோல்ட்டுக்கு எழுதிய ஆர்டரே இருக்கிறது. நிக்கல் பூச்சு வேண்டும், விசை இலகுவாக இருக்க வேண்டும், முன்குறி வழக்கத்தைவிடச் சற்று உயரமாகவும் தடிமனாகவும் வேண்டும். அந்த 22 வெட்டுகளைவிட இந்த முன்குறியில்தான் ஆள் தெரிகிறார்.

லாக் இல்லாத காலமும் உண்டு. 1864 பிப்ரவரியில் ஹார்ட்ஃபோர்டில் இருந்த கோல்ட் தொழிற்சாலை தீப்பிடித்தது. அதற்கு முந்தைய துப்பாக்கிகளுக்கு ஏடுகள் சொற்பம். சாமுவேல் கோல்ட் (தங்கம் இல்லை, ஆள் பெயர்) ஆட்டோமன் சுல்தான் அப்துல்மெஜித்துக்கும், ரஷ்யாவின் ஜார் முதலாம் நிக்கோலஸுக்கும் தங்கம் பதித்த டிராகூன் ரிவால்வர்கள் கொடுத்தது அந்தக் காலத்தில்தான். கிரீமியப் போரில் இருவரும் எதிரெதிர் அணி. அவன் வாங்குகிறான் என்று இவனிடமும், இவன் வாங்குகிறான் என்று அவனிடமும் சொல்லியே வியாபாரம் பார்த்தார் என்பார்கள். சுல்தானுடையது இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில். சுல்தானுக்குப் போன துப்பாக்கியில் ஜார்ஜ் வாஷிங்டனின் முகம்! நல்ல விளம்பர மூளை.

செதுக்கியவர்களின் கதை வேறு. ஜெர்மனியில் பிறந்து நியூயார்க்கில் வேலை செய்த எல்.டி. நிம்ஷ்கே, தான் செதுக்கிய வேலைகளை மை தடவிக் காகிதத்தில் ஒற்றியெடுத்து ஒட்டி வைத்தார். 1904இல் அவர் இறந்து வெகுகாலம் கழித்து, 1965இல், அந்த ஒட்டுப்புத்தகம் அச்சாகி வெளிவந்தது. இன்று ஒரு இலைச்சுருள் அவர் கையா என்று பார்க்க அதைத்தான் புரட்டுகிறார்கள். யுலிசிஸ் கிராண்ட்டுக்குப் பரிசாகப் போன ரெமிங்டன் ஜோடி அவர் வேலை என்று கருதப்படுகிறது. தந்தக் கைப்பிடியில் கிராண்ட்டின் முகமே இருக்கும். 2022இல் 50 லட்சம் டாலருக்கு மேல் போனது.

ஆனால் அதற்கு முந்தைய வருஷம் 60 லட்சம் டாலரைத் தாண்டிய கோல்ட்டில் ஒரு பூ கிடையாது. 1881 ஜூலையில் பில்லி த கிட்டை பேட் காரெட் சுட்ட துப்பாக்கி அது. எல் பாசோவில் சலூன் நடத்திய நண்பரிடம் காரெட் காட்சிக்குக் கொடுத்திருந்தார். 1908இல் காரெட் கொல்லப்பட்டார், பிறகு நண்பரும் போய்ச் சேர்ந்தார், துப்பாக்கி அவருடைய சொத்துக் கணக்கில் சேர்ந்துகொண்டது. காரெட்டின் மனைவி அப்போலினாரியா சும்மா விடவில்லை. 1930களில், முதிய வயதில், அது கடனாகக் கொடுத்தது, பரிசு இல்லை என்று வழக்குப் போட்டு ஜெயித்தார். ஏலக்காரர்கள் முன்வைத்த ஆதாரங்களில் அந்த வழக்கும் ஒன்று. 60 லட்சம் அவருக்கு வரவில்லை. 1936லேயே இறந்துவிட்டார்.